கியூவுக்கு எந்தக் கிளியர்? காவிரி டெல்டாவின் ஈரத்தை வைத்து ஒரு தேர்வு

பூல், ஸ்நூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் நீண்ட மரக்கோல்தான் கியூ. பூல் கியூவின் அடிப்பகுதியில் பளபளப்பு உரிந்து மரம் தெரியத் தொடங்கிவிட்டால், தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் இருப்பவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. தச்சர் போடும் ஸ்பிரிட் பாலிஷ், பெயின்ட் கடையில் கிடைக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர், அலமாரிக் கதவுக்கு அடிக்கும் மெலமைன், டிங்கரிங் பட்டறையில் காருக்கு அடிக்கும், இரண்டு பொருளைக் கலந்து போடும் நிறமற்ற பூச்சான 2கே கிளியர், ஆளிவிதை எண்ணெய், நொடியில் ஒட்டும் ஃபெவிகுவிக் வகைப் பசை. எல்லாமே ஏதோ ஒரு கியூவுக்கு எங்கோ நன்றாக வந்திருக்கிறது. ஆகையால் யாரைக் கேட்டாலும் அவரவர் கைப்பழக்கத்தையே சிறந்தது என்பார்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்பகுதிக்கு 2கே கிளியர், அதுவும் மாசிக்கும் ஆனிக்கும் நடுவில். முன்பாதியான ஷாஃப்டுக்குப் படலமே வேண்டாம். ஆஷ் மரத்து ஸ்நூக்கர் கியூவாக இருந்தால் எண்ணெய். பட்டறைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்றால் அரக்கு, அதாவது தச்சரின் ஸ்பிரிட் பாலிஷ். ஐப்பசி, கார்த்திகையில் கியூவைத் தொடாமல் இருப்பதே மேல்.

இந்தத் தொழிலைப் பற்றி இணையத்தில் வாசிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கக் கியூ தயாரிப்பாளர்களின் அனுபவம். அவர்களில் பலர் கார் கிளியரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்களுடைய பட்டறையில் குளிரூட்டி ஓடுகிறது, காற்றின் ஈரத்தை உறிஞ்ச இயந்திரம் நிற்கிறது. நமக்கோ மேட்டூர் திறந்துவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும் வயல். ஸ்நூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்த ஆட்டம். ஊட்டியில் விதிகள் எழுதி ஒழுங்கானது. ஆட்டம் நம்முடையது, கியூவின் மேப்பிளும் ஆஷும் மட்டும் குளிர்நாட்டு மரங்கள். அவற்றுக்கு இந்த ஊர்க் காற்று பழக்கமில்லை.

முதலில் கியூவை மனத்தளவில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பூல் கியூ பெரும்பாலும் 58 அங்குல நீளம், நடுவில் கழற்றக்கூடியது. பின்பாதி பின்கையில் இருக்கிறது. அது கைக்குள் வழுக்கி ஓடுவதில்லை, வியர்வையையும் மோதல்களையும் தாங்கினால் போதும். முன்பாதியான ஷாஃப்ட், மேசையில் ஊன்றிய கையின் விரல்களுக்கு நடுவே ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் ஓடுகிறது. அங்கே கண்ணாடி போன்ற படலம் இருந்தால் டெல்டாவின் புழுக்கத்தில் விரல் ஒட்டிக்கொள்ளும். கியூவின் முனையில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் தூளும் வியர்வையும் குழைந்து அதன் மேல் நீல அழுக்காகப் படியும். பளபளப்பில் மயங்கி முனை வரைக்கும் கிளியர் அடிக்கச் சொல்பவர்களைப் பார்க்கிறேன். அடித்துக் கொடுத்த பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கியூ இன்னொரு பம்பர்தான்.

ஆகவே ஷாஃப்டை இங்கேயே முடித்துவிடலாம். லேசாக ஈரமான துணியால் நீலத்தைத் துடைத்து உடனே உலர்ந்த துணியால் அழுத்தித் தேயுங்கள். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு தடவை ஒற்றியெடுங்கள். அது துளைகளை அடைக்கும், மேலே படலமாக நிற்காது. காய்ந்ததும் 2000 எண் தாளால் ஒரு தடவல். பிறகு கார்னோபா மெழுகைத் தடவி, தோல் துண்டால் சூடேறும் வரை தேய்த்தால் மெழுகு இளகிப் பரவிப் பிடிக்கும். உப்புத்தாளை மாதம் ஒருமுறை போடும் வழக்கம் வேண்டாம். பூல் கியூவின் முனை 12 முதல் 13 மில்லிமீட்டர், ஸ்நூக்கரில் 9 முதல் 10. ஒவ்வொரு தேய்ப்பிலும் அதில் கொஞ்சம் போய்விடுகிறது, போனது திரும்பாது.

இனி அடிப்பகுதி. இங்கேதான் ஈரத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதை விட எந்த நாளில் அடிப்பது என்பது பெரிய கேள்வி.

என்சி லாக்கரை எடுத்துக்கொள்வோம். அது காய்வது என்றால் தின்னர் ஆவியாகிப் போவது மட்டுமே; வேறு ரசாயன மாற்றம் இல்லை. ஆவியாகும் தின்னர் மரத்தின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 85 விழுக்காடு என்றால், பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 27 டிகிரி. அதாவது மேற்பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே காற்றிலுள்ள நீர் ஈரமான லாக்கரின் மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். விளைவு, பால் தெளித்தது போன்ற வெண்மை. அதே வேலையைப் பங்குனி மதியத்தில், 34 டிகிரியும் 50 விழுக்காடும் இருக்கும்போது செய்தால், பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 22-க்கு இறங்கிவிடும். மேற்பரப்பு பன்னிரண்டு டிகிரி குளிர வேண்டும். தின்னரால் அவ்வளவு குளிர்விக்க முடியாது. பொருள் ஒன்றுதான், ஸ்பிரே கன் ஒன்றுதான், மாதம்தான் வேறு.

வெண்மை விழுந்துவிட்டால் அது தீராத கேடு இல்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லியதாக ஒருமுறை அடித்தால் படலம் மீண்டும் இளகி, சிக்கிய நீர் வெளியேறும். லாக்கரின் பெரிய நன்மையும் இதுவே: புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். எத்தனை ஆண்டு கழித்து ஒரு கீறலைச் சரிசெய்தாலும் ஒட்டுத் தெரியாது. கியூவை மேசை விளிம்பில் சாய்த்துவைத்துக் கீழே விழவிடும் வழக்கம் உள்ளவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் லாக்கர் மென்மையானது, காலப்போக்கில் மஞ்சளாகும், கைவியர்வையில் மங்கும். வெள்ளை மேப்பிளின் மேல் அந்த மஞ்சள் சிலருக்குப் பிடிக்கும். எனக்கும் பழைய கியூவில் பிடிக்கும், புதியதில் பிடிக்காது.

2கே கிளியர் வேறு வகை. அதில் கிளியரும் அதை இறுக்கும் ஹார்ட்னரும் கலந்த பிறகு இரண்டும் சேர்ந்து வலைபோல் பின்னிக்கொண்டு இறுகுகின்றன. ஒருமுறை இறுகினால் தின்னர், ஸ்பிரிட், வியர்வை எதற்கும் கரையாது. வெயிலைத் தாங்கவே செய்தது என்பதால் மஞ்சளாவதும் குறைவு. கியூவின் அடிப்பகுதிக்கு இதைவிட உழைக்கும் பூச்சு நம் ஊர்க் கடைகளில் இல்லை. குறை என்ன? ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நீரைக் கண்டால் கிளியரோடு சேர்வதற்குப் பதில் நீரோடு சேர்ந்து கரியமில வாயுவை விடும். அது படலத்துக்குள் ஊசிமுனைக் குமிழிகளாக நிற்கும். கம்ப்ரசரில் தண்ணீர் வடிக்கும் வடிகட்டி இல்லாத பட்டறையில் இந்தக் குமிழி நிச்சயம். அடிப்பதற்கு முன் தொட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றச் சொல்லிப் பாருங்கள். வெளியே வரும் அளவே அந்த ஊரின் ஈரத்துக்குச் சாட்சி. இன்னொன்று, திறந்த ஹார்ட்னர் டப்பா டெல்டாக் காற்றில் சில வாரங்களில் கெட்டியாகும். மலிவாகக் கிடைக்கிறது என்று பெரிய டப்பா வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதே ஐசோசயனேட்தான் நுரையீரலுக்கும் பகை. ஸ்பிரே புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணி முகமூடி இதற்குப் போதவே போதாது. வீட்டு மாடியில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் 2கே அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முறையான காற்று வசதியும் முகக்கவசமும் உள்ள பட்டறையிலேயே கொடுங்கள். வேறொரு காருக்குக் கலக்கும்போது அதிலேயே நூறு மில்லி கூடுதலாகக் கலந்து கியூவுக்கும் அடித்துவிடுவார்கள். அதனால் செலவும் குறைவு. நல்ல பெயின்டர் நாளைப் பார்த்தே ஒப்புக்கொள்வார். “இன்று வேண்டாம் தம்பி, காற்றில் ஈரம் ஏறிக்கிடக்கிறது, இரண்டு நாள் கழித்துக் கொண்டுவாருங்கள்” என்று திருப்பியனுப்புபவரிடமே கியூவைக் கொடுக்கலாம்.

மெலமைனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமிலம் சேர்த்து இறுகும் பூச்சு. கடினம், மலிவு, எல்லாத் தச்சருக்கும் பழக்கம். ஃபார்மால்டிஹைடு நெடி பல நாள் நிற்கும். அசையாத அலமாரிக்குச் சரி. ஓயாமல் அதிர்வை வாங்கும் கியூவில் தடிமனாக ஏற்றினால் அலங்கார வளையங்கள் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் விடும். இரண்டு தாளளவு மெல்லியதாக அடிப்பவர் கிடைத்தால் மட்டுமே யோசிக்கலாம்.

அரக்குக்கு நான் கொஞ்சம் பட்சபாதி. லாக் பூச்சி மரக்கிளையில் சுரப்பதைச் சுத்திகரித்துத் தகடாக்கியது. ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை மல்துணியில் பொதிந்து, மெல்ல மெல்லத் தேய்த்து ஏற்றும் பாலிஷ். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் தகடு என்பது நடுத்தரக் கலவை. கியூவுக்கு அதையும் பாதியாக நீர்க்கலாம். கன் வேண்டாம், கம்ப்ரசர் வேண்டாம், 2கே போன்ற நச்சுப்புகை இல்லை. அடுத்த பூச்சுக்கு அரைமணி நேரம் காத்திருந்தால் போதும். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் கொம்பரக்கை வாங்கிவிடாதீர்கள். அது சுத்திகரிக்காதது, குச்சியும் செஞ்சாயமும் சேர்ந்தது, மேப்பிளைக் காவி நிறமாக்கிவிடும். பெயின்ட் கடையில் வெளிர்நிறத் தகடாகக் கேளுங்கள். கரைத்ததைச் சில நாள் அசைக்காமல் வைத்தால் மெழுகு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

அரக்கின் பலவீனங்களும் உண்மையானவை. தண்ணீர் நின்றால் வெள்ளை வளையம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கியூ இருந்தால் படலம் இளகி உறையின் துணி ஒட்டும். கிளப் வாசலில் கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொண்டு காயாமல் கியூவைப் பிடித்தால், அதிலிருக்கும் ஆல்கஹால் விரல் தடத்தைப் பாலிஷில் பதித்துவிடும். அதே நேரம், ஒரு பஞ்சுப்பொதியும் பத்து நிமிடமும் இருந்தால் இவை எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். தினமும் ஆடுபவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலை எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரருக்கு இது பொழுதுபோக்கு.

ஃபெவிகுவிக் வகைப் பசையைக் கடைசல் இயந்திரத்தில் கியூவைச் சுற்றவிட்டுத் தாளால் தேய்த்து ஏற்றுவது மேல்நாட்டில் ஒரு முறை. காற்றின் ஈரமே இதை இறுகச் செய்கிறது என்பதால் நம் ஊரில் நினைத்ததை விட விரைவாக இறுகிவிடும். மழைநாளில் வெண்பூ பூக்கும். முழு அடிப்பகுதிக்கும் இதைப் போடுவது வீண் வேலை. ஆனால் கிளியரில் சில்லு பெயர்ந்த சிறு பள்ளத்தை நிரப்ப இதைப்போல் வேறில்லை. பருத்தித் துணியால் மட்டும் துடைக்கக் கூடாது. இந்தப் பசை பஞ்சில் பட்டால் கொதித்துக் கையைச் சுடும்.

ஆஷ் மரத்து ஸ்நூக்கர் கியூவுக்கு ஏன் எண்ணெய் என்றால், ஆஷின் துளைகள் திறந்தவை, அந்த அம்புமுனைக் கோடுகளைத்தான் ஆடுபவர் குறிபார்க்கும்போது பார்க்கிறார். படலம் போட்டால் அந்தக் கோடுகளின் மேல் விளக்கு மின்னும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி எடுத்துத் தேய்த்து, மிச்சத்தை முழுதும் துடைத்தெடுத்து, ஒரு நாள் விட்டு மீண்டும் தேய்க்க வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும், பூஞ்சையும் ஏறும். காய்ச்சாத பச்சை எண்ணெய் இன்னும் மோசம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது: ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ, கொடியில் விரித்தோ காயவிடுங்கள்.

பொருளை முடிவு செய்த பிறகும் அவசரம் கூடாது. பழைய பூச்சு என்ன என்று தெரியாமல் அதன் மேல் எதையும் அடிக்கக் கூடாது. அடியில் ரப்பர் பம்பரைக் கழற்றினால் மறைவான விளிம்பு ஒன்று இருக்கும். அங்கே ஒரு சொட்டு ஸ்பிரிட் வையுங்கள், பிசுபிசுத்தால் அரக்கு. அசையவில்லை என்றால் ஒரு சொட்டு தின்னர், இளகினால் லாக்கர். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் ஏற்கெனவே 2கே வகைப் பூச்சுதான். லாக்கரின் மேல் நேரடியாக 2கே அடித்தால் அதன் கடுமையான தின்னர் கீழேயுள்ளதை இளக்கிச் சுருக்கம் விழச் செய்யும். லாக்கரை முழுதும் எடுத்த பிறகே 2கே. பழைய 2கே மேல் புதிய 2கே என்றால் 600 எண் வாட்டர் பேப்பரால் சொரசொரப்பாக்கினால் போதும். பெயின்ட் ரிமூவர் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் வளையங்களையும் பதித்த வேலைப்பாட்டையும் அது தின்றுவிடும்.

விலை குறைந்த கியூக்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அடிப்பகுதியில் தெரியும் வைர வடிவமும் கூர்முனைகளும் பல நேரம் பதித்தவை அல்ல, அச்சிட்டு ஒட்டிய மெல்லிய தாள். உப்புத்தாளை அழுத்தினால் அது பூச்சோடு போய்விடும். விளிம்பில் ஒரு சிறு மூலையைத் தேய்த்துப் பார்த்துவிட்டே மேலே செல்லுங்கள்.

மரம் தெரியும் வரை எடுத்திருந்தால் 220, 320, 400 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டு போகலாம். ஈட்டி, கருங்காலி போன்ற கறுத்த மரங்கள் இருந்தால் கவனம் கூட வேண்டும். ஈட்டியின் உள்ளிருக்கும் சத்து கிளியரை இறுகவிடாமல் தடுக்கும், பக்கத்திலுள்ள வெள்ளை மேப்பிளில் ஊதா நிறமாகவும் கசியும். தின்னர் துணியால் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியாக, கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகாமல் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒருமுறை ஏற்றிவிட்டால் கசிவு நிற்கும். அரக்கில் மெழுகு மிச்சமிருந்தால் 2கே அதன் மேல் பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்க. துளைகளை அடைக்கப் போடும் வெள்ளையான சாதாரணச் சீலரைத் தடிமனாக ஏற்றி அதன் மேல் கிளியர் அடித்தாலும், அது சரியாகப் பிடிக்காமல் பிற்காலத்தில் தகடு தகடாக உரியும்.

பலர் மறக்கும் இடம் இரண்டு முனைகள். மரம் ஈரத்தைக் குடிப்பது பக்கவாட்டை விட வெட்டுமுனை வழியாகத்தான் அதிகம். பக்கமெல்லாம் கண்ணாடியாக்கிவிட்டு, பம்பருக்குள்ளிருக்கும் அடிமுனையையும் இரு பாதிகளும் சேரும் ஜாயின்ட் முகத்தையும் பச்சையாக விட்டால், கார்த்திகை மழையில் கியூ வளைவது அந்த வழியாகத்தான். நீர்த்த அரக்கைப் பஞ்சில் தொட்டு அந்த முகங்களை இரண்டு மூன்று முறை நனைத்துவிடுங்கள். எந்தக் கிளியரும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது, மெதுவாக்கும். ஏற்கெனவே வளைந்த கியூவை நிமிர்த்தவும் செய்யாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் ஜாயின்ட் உலோகத்தைத் துடைத்து ஒரு விரல் எண்ணெய் தடவிவைப்பது நல்லது. உப்புக்காற்று மரத்தை விட முதலில் அதைத்தான் தேடிவரும்.

அடிக்கும் நாளன்று லினன் நூல் சுற்றிய பிடியை டேப்பாலும் தாளாலும் மூடி, ஜாயின்ட் திருகில் பொருந்தும் நட்டைப் போட்டு அதில் கம்பி கட்டிச் செங்குத்தாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஹார்ட்னர் விகிதம் டப்பாவில் எழுதியிருப்பதுதான், கண்ணளவு கூடாது. வெயில் நாளில் மெதுவான தின்னர் கேளுங்கள். வேகமான தின்னர் என்றால் துளிகள் காற்றிலேயே காய்ந்து ஆரஞ்சுத் தோல் போல் புள்ளி விழும். முதல் பூச்சு மூடுபனி அளவு, அடுத்த இரண்டு ஈரமாக, நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். உள்நாட்டு ஊர்களில் நண்பகலிலிருந்து மூன்று மணி வரை காற்று உலர்ந்திருக்கும். கடலோரத்தில் மதியக் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவருவதால் அதற்கு முன்பே முடிக்க வேண்டும். மார்கழி, தை மாதக் காலையில் பனி இறங்கும் நேரம் ஆகாது. தை அறுவடையில் களத்தில் தூற்றும் பதர்த்தூசும் ஈரக் கிளியரைத் தேடிவரும். தூசை அடக்கத் தரையில் தண்ணீர் தெளிப்பது பெயின்டர்களின் வழக்கம். சிறிய மூடிய கூடத்தில் நிறையத் தெளித்தால் அந்த ஈரமும் கிளியருக்குள் போகும்.

டேப்பை முழுதும் இறுகும் முன்னரே உரித்துவிட்டால் விளிம்பு சுத்தமாக வரும். மறுநாள் 1500, 2000 வாட்டர் பேப்பரும் கம்பவுண்டும் போட்டு மின்ன வைக்கலாம், ஆனால் வளையங்களின் விளிம்பில் அழுத்தக் கூடாது; படலம் அங்கேதான் மிக மெல்லியது. கையில் எடுக்க அன்றே போதுமான அளவு இறுகியிருக்கும். உறைக்குள் வைக்க ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் வைத்தால் உள்ளே தைத்திருக்கும் வெல்வெட்டின் இழைகள் ஒவ்வொன்றாகக் கிளியரில் பதிந்துவிடும், அதை எடுக்க மறுபடியும் 1500-லிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.